முதல்லேர்ந்து!

கல்யாணத்துக்குக் கிளம்பும் நேரம் பார்த்து மணப்பெண்ணின் தோட்டுத் திருகாணி கட்டிலுக்கடியில் உருண்டுவிட்டது. வாசலில் கார் ஹாரன் அடிக்கிறது. பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்று ஒன்பது வருஷமான அப்பா, சலவைச் சட்டையோடு தரையில் குப்புறப் படுத்து, முழங்கைகளை மாற்றி மாற்றி ஊன்றி உள்ளே ஊர்கிறார். ஜன்னல் வெயில் கட்டிலின் சந்தில் நுழைந்து தூசியைப் பொன்னாக்குகிறது. ஆனால் அவர் மூக்கில் ஏறுவதென்னவோ பயிற்சி மைதானத்துச் சேறுதான். முதுகுக்கு ஒரு சாண் மேலே முள்கம்பி, இரண்டு பக்கமும் கூட்டாளிகளின் மூச்சு, பின்னால் பயிற்சியாளரின் பிரம்பு. இடுப்பு எழும்பினால், பாதி தூரம் வந்தவனும் முதலிலிருந்து ஊர வேண்டும். அவர் மூன்று முறை ஊர்ந்தவர். "இடுப்பு! இடுப்பு தூக்குது!" என்று இப்போது கத்துவது மனைவி. கல்யாணமான வாரமே கேட்ட கதை, அவளுக்கு மனப்பாடம். "சிரிக்க வைக்காதம்மா, மை கலையுது," என்று மகள் ஒரு காதைப் பிடித்துக்கொண்டு குலுங்குகிறாள். பழைய சூட்கேஸுக்கும் சுவருக்கும் நடுவே திருகாணி மினுங்குகிறது. அதை இரண்டு விரலால் கவ்வி, தொந்தி தரையில் தேயத் தேய, பின்வாங்கி வெளியே வருகிறார். மீசையில் ஒட்டடை. சட்டையைப் பார்க்கவே வேண்டாம். திருகாணியை மகளிடம் கொடுத்துவிட்டு விறைப்பாக நிற்கிறார். மனைவி கையைப் பின்னால் கட்டிக்கொண்டு அவரை ஒரு சுற்றுச் சுற்றி வருகிறாள். "இடுப்பு தூக்குச்சு. முதல்லேர்ந்து!" ஹாரன் மறுபடியும் அடிக்கிறது. "எஸ் சார்!" என்று அவர் தரையில் விழ, மகள் திருகாணியைச் சத்தமில்லாமல் கட்டிலுக்கடியில் உருட்டிவிடுகிறாள்.