இறந்த ஆண்டு என்ற கட்டம்

கார்டில் இருந்தது அவளுடைய பெயர்.

கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்துப் போட்டுப் பார்த்தாள். அதே பெயர்தான். முதலெழுத்தும் சரியாக இருந்தது.

"இவங்க எந்த வருஷம் தவறுனாங்கக்கா?" என்றாள் ஹேமா, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

ஹேமா வேலைக்குச் சேர்ந்து இரண்டு மாதம். ஏழு தொகுதிகளாக அச்சில் வந்த சௌராஷ்டிரக் கலைக்களஞ்சியத்தை இணையத்தில் ஏற்றுகிற வேலை. மதுரையில், மகாலுக்குப் பின்தெருவில், ஒரு மாடியறை. களஞ்சியத்துக்குத் தகவல் எழுதிவைத்த கார்டுகளை முப்பத்தொரு வருஷமாகக் கட்டிக் காப்பவள் இவள். எல்லோருக்கும் கார்டக்கா. இவளுக்கு சகுந்தலாபாய் என்று ஒரு பெயர் இருப்பது ஹேமாவுக்குத் தெரிய வழியில்லை.

களஞ்சியத்துக்கு ஒரு விதி உண்டு.

உயிரோடு இருப்பவர்களுக்கு அதில் இடமில்லை.

பட்டுக்கடை முதலாளிகள் பழத்தட்டோடு படியேறி வந்து கேட்டிருக்கிறார்கள். அவள்தான் திருப்பி அனுப்புவாள். "நூறு வயசு இருங்க. அப்புறம் போட்டுரலாம்." மறுபேச்சுப் பேச முடியாமல் இறங்கிப் போவார்கள்.

ஆனால் சாவு சொல்லிக்கொண்டா வருகிறது? அதனால் ஆசிரியர் கோவர்த்தனம் சார் சிலருக்கு முன்கூட்டியே கார்டு எழுதி, ஒரு மரப்பெட்டியில் பூட்டி வைப்பார். சாவி அவர் பூணூலில் தொங்கும். யாராவது தவறினால் பெட்டியைத் திறந்து, அவருடைய கார்டை எடுத்து, ஆண்டை எழுதி அவளிடம் நீட்டுவார். உள்ளே யார் யார் என்று அவளுக்கே தெரியாது.

அவர் போய் எட்டு வருஷம். பெட்டியை அவர் மகன் போன வாரம்தான் கொண்டுவந்து கொடுத்தான்.

காலையிலிருந்து வேலை சுலபமாகத்தான் போனது. ஹேமா பெயரை வாசிப்பாள், அவள் ஆண்டைச் சொல்வாள். பத்தொன்பது. இருபத்தொன்று, கொரோனாவில். பதினெட்டு, தீபாவளிக்கு மறுநாள். ஒரே ஒருவர் மட்டும் இன்னும் நடமாடிக்கொண்டிருந்தார். அவருடைய பதிவை ஹேமா நீக்கிவிட்டாள். விதி விதிதான் என்று சொன்னதும் கார்டக்காதான்.

இது இருபத்தாறாவது கார்டு.

கோவர்த்தனம் சாரின் கையெழுத்து. இரண்டே வரி.

'நெசவு, சமையல், கல்யாணச் சடங்கு பற்றிய செய்திகளில் பாதிக்கு மேல் இவர் வீடு வீடாகப் போய்த் திரட்டியவை. இவர் இல்லையேல் இக்களஞ்சியம் இல்லை.'

ஏழு தொகுதிகளில் எங்கேயும் அவள் பெயர் கிடையாது. 'ஆசிரியர் குழு' என்றுதான் இருக்கும். இருபத்து மூன்று வருஷம் எதிரெதிரே உட்கார்ந்து வேலை பார்த்தார்கள். அவர் வாயிலிருந்து ஒரு நல்ல வார்த்தை உதிர்ந்ததில்லை. எதை எழுதிக்கொண்டுபோய் நீட்டினாலும் ஒரே கேள்விதான்.

'யார் சொன்னது?'

கார்டின் மூலையில் தேதி இருந்தது. 2003, ஆடி மாதம்.

அந்த ஆடியில் அவள் வயிற்றுக் கட்டியோடு ஆஸ்பத்திரியில் கிடந்தாள். இரண்டு சாத்துக்குடியோடு வந்தார். கட்டிலோரம் நின்றார். பிறந்த வருஷம் என்ன என்று கேட்டார். தன் பேருக்கு அர்ச்சனை பண்ணப் போகிறார் என்று அவளுக்குக் கண் கலங்கிப்போனது. அர்ச்சனைக்கு நட்சத்திரம்தானே கேட்பார்கள் என்று அன்றைக்குத் தோன்றவில்லை.

அடப்பாவி மனுஷா.

அவள் பிழைத்து வந்த பிறகும் கிழித்துப் போடவில்லை. பதினான்கு வருஷம் சாவியைப் பூணூலில் கட்டிக்கொண்டு, எதிரே உட்கார்ந்து, 'யார் சொன்னது' என்று கேட்டிருக்கிறார்.

இது பிரியமா, இல்லை முன்யோசனையா? அவளுக்குப் பிடிபடவில்லை. சந்தோஷமாக இருந்தது. நாலு வார்த்தை திட்ட வேண்டும் போலவும் இருந்தது. கார்டை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினாள்.

திரையில் ஒரு கட்டம் காலியாக இருந்தது. இறந்த ஆண்டு. பக்கத்தில் சிவப்பு நட்சத்திரம். அதை நிரப்பாமல் பதிவு ஏறாது.

"யாருன்னே தெரியலைன்னா எடுத்துடவாக்கா?"

நான்தான் அது என்று சொல்லலாம். ஹேமா எழுந்து கையைப் பிடித்துக்கொள்வாள். அப்புறம் விதிப்படி நீக்கிவிடுவாள்.

ஏதோ ஓர் ஆண்டைச் சொல்லலாம். பெயர் நிற்கும். ஆள் இருந்தால் பதிவில்லை, பதிவு இருந்தால் ஆளில்லை. நாயைக் கண்டால் கல்லைக் காணோம் கதைதான்.

2003 என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அவர் போட்ட கணக்கும் அதுதானே.

பழக்கதோஷத்தில் கார்டைத் திருப்பினாள். எந்தக் கார்டுக்கும் பின்பக்கத்தில் ஆதாரம் எழுதியிருக்க வேண்டும். யார் சொன்னது, எந்தத் தெரு, எந்த வீடு. அது இல்லாத கார்டை அவர் தொடவே மாட்டார்.

'ஆதாரம்: தினமும் நேரில் பார்த்தது.'

அவள் 2003-ஐ விழுங்கிக்கொண்டாள்.

"எடுக்காதே. விசாரிச்சுச் சொல்றேன்."

"நாளாகுமாக்கா?"

"தெரியலம்மா. நான் சொல்லலைன்னாலும் உனக்குச் சேதி வந்துரும்."

ஹேமா தலையாட்டிவிட்டு அடுத்த கார்டை எடுத்தாள்.

அவள் தன் மேசை இழுப்பறையைத் திறந்து, எல்லாவற்றுக்கும் மேலே, எடுத்தவுடன் கைக்கு அகப்படுகிற மாதிரி கார்டை வைத்தாள். இழுப்பறைச் சாவி கையில்தான் இருந்தது.

பூட்டவில்லை.