நூல் கட்டும் நேரம்

அவள் இலையில் தூளை வைத்தபோது அவன் நடுக்கோட்டைத் தாண்டினான்.

கால்களை நீட்டி மணலில் உட்கார்ந்திருந்தாள். மடியில் பீடித்தட்டு. எல்லைக் கயிற்றுக்கு இந்தப் பக்கம் அவள். அந்தப் பக்கம் எதிரணியின் ஏழு பேருக்கு நடுவில், கபடி பாடிக்கொண்டு, அவள் புருஷன் மாடக்கண்ணு.

சுற்றினாள். பீடியின் வாயை மடக்கினாள். நூலைக் கட்டினாள்.

கட்டிய பீடியைத் தலைக்கு மேல் தூக்கினாள்.

அவன் பார்த்தான். பக்கத்தில் நின்றவனின் தோளைத் தட்டிவிட்டுத் திரும்பி ஓடினான்.

உதட்டுக்குப் போன விசிலை நடுவர் இறக்கிக்கொண்டார்.

போன மாதம் வரை மூச்சு இருக்கும்வரை பாடலாம். ஐம்பது எண்ணும் மட்டும் அவனுக்கு மூச்சு நின்றது. காத்திருந்து காத்திருந்து, பிடிக்க வந்தவர்கள் ஒரு நொடி அசருவார்கள். அந்த ஒரு நொடிக்காகத்தான் முப்பத்தாறு வயதிலும் அவனை அணியில் வைத்திருந்தார்கள்.

இப்போது ஒரு பாட்டுக்கு முப்பது விநாடி. நடுவரின் கைபேசியில் ஓடும். வேறு யார் கண்ணுக்கும் தெரியாது. விசில் ஊதும்போது எதிர்ப்பக்கத்தில் நின்றால் அவுட்.

ஊர் கொதித்தது. யாரோ எல்லைக் கயிற்றை அறுத்தார்கள். யாரோ டீக்கடைச் சுவரில் கமிட்டியைத் திட்டி எழுதினார்கள். அடுத்த ஆட்டத்தில் ஊரே கூடி நின்று முப்பது எண்ணியது.

ஆளுக்கொரு முப்பது. ஒரு மூலையில் பதினெட்டு. இன்னொரு மூலையில் இருபத்தேழு.

மாடக்கண்ணு நடுவில் திகைத்து நின்றான். மூன்று தடவை விசில் அவன்மேல் ஊதியது.

கமிட்டி மைக்கில் இன்னொரு விதி சொன்னது. பார்க்க வருகிறவர்கள் எண்ணக் கூடாது. கைபேசியைத் தூக்கிக் காட்டக் கூடாது. மீறினால் எதிரணிக்கு ஒரு புள்ளி.

அன்று சாயங்காலம் கேப்டன் வாசலில் நின்றே சொன்னான்.

"அண்ணாச்சி, இன்னும் ஒரே ஒரு விசிலு. அப்புறம் நீங்க வெளிய உக்காந்து பாருங்க."

அவன் சாப்பிடாமல் படுத்துக்கொண்டான்.

அவள் மகளின் கைபேசியை வாங்கித் தட்டில் சாய்த்து வைத்தாள். ஒரு பீடி சுற்றினாள்.

இருபத்திரண்டு விநாடி.

வேகம் அதிகம். இருபத்தைந்து வேண்டும். மீதி ஐந்து அவன் திரும்பி வருவதற்கு.

பதினெட்டு வருஷமாக வேகத்தையே பழகிய கை. அதை மூன்று விநாடி நிதானப்படுத்த ஆறு நாள் ஆயிற்று. நடுவில் ஒரு நாள் விரல் மரத்துப்போய் வெந்நீரில் முக்கி வைத்தாள்.

ஆறாம் நாள் கைபேசியைக் கவிழ்த்து வைத்துச் சுற்றினாள். நூலை இறுக்கியதும் திருப்பிப் பார்த்தாள்.

இருபத்தைந்து.

மறுபடி சுற்றினாள்.

இருபத்தைந்து.

பீடி சுற்றக் கூடாது என்று எந்த விதியும் இல்லை.

இன்று கோப்பைக்கான ஆட்டம் தொடங்குமுன் கோட்டு நடுவர் அவளிடம் வந்து சிரித்தார்.

"என்னக்கா, இங்கன வந்தும் தொழிலா?"

"இன்னைக்குத் தட்டு முடியல தம்பி."

ஆட்டம் பாதி தாண்டியது. அவன்மேல் ஒரு விசிலும் ஊதவில்லை. அவன் பாடிப் போகும்போதெல்லாம் ஊர்க்காரர்கள் கத்துவதை விட்டுவிட்டு அவள் கையைப் பார்த்தார்கள். மைதானம் பள்ளிக்கூடப் பரீட்சை மாதிரி அமைதியானது.

அதுதான் காட்டிக்கொடுத்தது.

எதிர் ஊர்க் கூட்டத்திலிருந்து ஒருவன் எழுந்து தன் ஆளைக் கூப்பிட்டான்.

"ஏல செல்வின்! அவன் பொண்டாட்டி கையப் பாருல! பீடியக் கட்டினா திரும்புதான்!"

சிரிப்பு எழுந்தது. மாடக்கண்ணுவின் முகம் கறுத்தது. அவள் அடுத்த இலையை எடுத்தாள்.

அவன் போனான். கட்டினாள். வந்தான்.

கடைசிப் பாட்டு எதிரணிக்கு. அவள் ஊர் ஒரு புள்ளி முன்னால். செல்வின் இரண்டு பேரைத் தொட்டுவிட்டுத் திரும்பினால் கோப்பை அங்கே போய்விடும். ஒருவரையும் தொடாமல் திரும்பினாலோ, உள்ளே நிற்கும்போது விசில் ஊதினாலோ இங்கே.

செல்வின் கோட்டைத் தொட்டுக் கும்பிட்டான். உள்ளே வருமுன் அவன் கண் கயிற்றோரம் போய்த் தேடியது. மடியில் தட்டு வைத்திருந்தவளிடம் வந்து நின்றது.

பக்கத்தில் இருந்தவள் முழங்கையால் இடித்தாள்.

"ஏ மைனி, அவனும் ஒங்க கையத்தான் பாக்கான்."

அவள் நல்ல இலையாகப் பார்த்து எடுத்தாள்.

தூள் வைத்தாள்.

செல்வின் இடது மூலைக்குப் பாய்ந்தான். ஒரு கை தூரத்தில் தவறியது.

சுற்றினாள்.

வலது மூலை. அங்கேயும் விலகினார்கள். அவன் கண் ஒருமுறை அவளிடம் வந்துபோனது.

வாயை மடக்கினாள்.

மாடக்கண்ணுவும் அவளைப் பார்த்தான். அந்தக் கையின் கணக்கு அவனுக்குத் தெரியும். ஒரு நொடி நெற்றி சுருங்கியது. பிறகு பக்கத்தில் நின்ற இருவரின் பனியனைப் பிடித்துக் கடைசிக் கோடு வரை பின்னால் இழுத்தான்.

செல்வின் மறுபடி அவளைப் பார்த்தான். இன்னும் கட்டவில்லை. அவசரமில்லாமல் ஓரடி உள்ளே வைத்தான். இன்னும் ஓரடி.

நடுவரின் கை விசிலுக்கு உயர்ந்தது.

நூல்கண்டு அவள் மடியில்தான் கிடந்தது. அவள் அதை இன்னும் எடுக்கவில்லை.