நாலாவது போல்ட்

இரண்டு தண்டவாளங்கள் சேரும் இடத்தில் நாலு போல்ட்டுகள் இருக்க வேண்டும். மூன்று எப்போதோ கழன்று விழுந்து ஜல்லிக்குள் துருப்பிடித்துக் கிடந்தன. நாலாவது மட்டும் ஒற்றை ஆளாக இரண்டையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தது.

அதனடியில் குடியிருந்த எறும்புக்கு அதன்மேல் அவ்வளவு மரியாதை. ரயில் வந்தால் பூமியே ஆடும். போல்ட் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்கும்.

"அண்ணே, நாளைக்குச் சுத்தியலோட சோதிக்க ஆள் வர்றார். தட்டும்போது கொஞ்சம் ஆடிக் காட்டுங்க. மத்த மூணு பேரையும் மாட்டிடுவாங்க" என்றது எறும்பு.

"இத்தனை ரயிலுக்கு ஆடாதவன் ஒரு தட்டுக்கு ஆடுறதா? அந்தப் பேச்சே வேண்டாம்" என்றது போல்ட்.

மறுநாள் சுத்தியல் விழுந்தது. கோயில் மணி போலக் கணீரென்று கேட்டது. எறும்புக்கு மெய்சிலிர்த்துவிட்டது.

"இது ஒண்ணே போதும்யா. இன்னும் பத்து வருஷம் ஓடும்" என்று கூட வந்தவரிடம் சொல்லிவிட்டுச் சுத்தியல்காரர் நடந்தார்.

எறும்பு போல்ட்டை அண்ணாந்து பார்த்து மனசாரக் கும்பிட்டது. "உங்களை மாதிரி ஒருத்தரை நான் பார்த்ததே இல்லண்ணே" என்றது.

பிறகு தன் முட்டைகளை ஒவ்வொன்றாகத் தூக்கிக்கொண்டு வேலிக்கு அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்தது.