போக அஞ்சு, வர அஞ்சு

"தொழிற்சாலைக்குப் போக அஞ்சு, வர அஞ்சு. தினம் மொத்தமே பத்து கிலோமீட்டர்தான்" என்றார் சாவிக்காரர்.

சைக்கிள் கடைக்காரர் வண்டியைத் தலைகீழாக நிறுத்திப் பின்சக்கரத்தை மெல்லச் சுற்றினார். ஓரிடத்தில் நிறுத்திக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார்.

"பத்து கிலோமீட்டருக்கா இப்படி மொட்டையாச்சு? நூலே வெளிய தெரியுதேண்ணே. இதை மாட்டி ஒரு வருஷம்கூட ஆகல. நான்தானே மாட்டிவிட்டேன்?"

சாவிக்காரர் ஓரக்கண்ணால் பார்த்தார். பக்கத்திலேயே மனைவி நின்றுகொண்டிருந்தாள். ஞாயிற்றுக்கிழமைதானே, நானும் வருகிறேன் என்று கிளம்பி வந்தவள்.

பூட்டுத் தொழிற்சாலையில் இருபத்திரண்டு வருஷமாக, ஒவ்வொரு பூட்டையும் அதன் சாவி சரியாகத் திறக்கிறதா என்று பார்த்து அனுப்புவதுதான் அவருடைய வேலை. தெருவில் அவருக்கு அந்தப் பெயர் வந்தது அப்படித்தான். ஏழு மாதத்துக்கு முன்னால் அந்த வேலைக்கு ஒரு இயந்திரம் வந்து இறங்கியது. அவரையும் இன்னும் பதினோரு பேரையும் கூப்பிட்டு, கையைக் குலுக்கி அனுப்பிவிட்டார்கள்.

அந்த வாரம்தான் மனைவி இருதய ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்திருந்தாள். "அதிர்ச்சியான சமாச்சாரம் எதையும் அவங்க காதுல போட்டுடாதீங்க" என்று டாக்டர் சொல்லியிருந்தார். நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தார் சாவிக்காரர். அந்த நாளை வரவே இல்லை.

மாதம் பிறந்தால், தொழிற்சாலையில் கணக்கு முடித்துக் கொடுத்த பணத்திலிருந்தே சம்பளம் என்று எடுத்துக் கொடுப்பார். காலை எட்டு மணிக்கு வழக்கம்போலச் சைக்கிளை எடுப்பார். ஒரு நாள் கிழக்கே, ஒரு நாள் தெற்கே. கிடங்கு, அச்சகம், மர அறுவை மில் என்று வாசல் வாசலாக ஏறி இறங்குவார். ஐம்பத்து மூன்று வயது என்றதும் எல்லா வாசலிலும் ஒரே பதில்தான்: "சொல்லி அனுப்புறோம்." ஆறு மணிக்கு, வேலை செய்து ஓய்ந்தவரைப் போல வீடு திரும்புவார். அதற்கு நடிக்கவே வேண்டியிருக்காது.

கடைக்காரர் விடுவதாக இல்லை. "தினம் முப்பது நாப்பது ஓடின டயருண்ணே இது. எத்தனை டயரு பாத்திருப்பேன்!"

"இல்ல... அது வந்து..." சாவிக்காரர் இழுத்தார்.

"என் தம்பி அப்பப்ப வந்து வண்டியை எடுத்துட்டு ஊர் சுத்துவான்" என்றாள் மனைவி.

சாவிக்காரருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. மைத்துனன் இந்த வண்டியைத் தொட்டது ஒரே ஒரு தடவை, அதுவும் தெருமுனையில் மருந்து வாங்க. ஏதோ நினைப்பில் சொல்கிறாள் போல. எப்படியோ தப்பித்தோம் என்று முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

கடைக்காரர் இரண்டு டயர்களை எடுத்து வைத்தார். "வேலைக்குப் போய்வர மட்டும்னா இந்த மெலிசு போதும், மிதிக்கவும் சுலபம். இந்தத் தடிச்சதுல ஆணி குத்தினாலும் சட்டுனு காத்து இறங்காது. ஆனா அழுத்தி மிதிக்கணும்."

"மெலிசே போதும்" என்றார் சாவிக்காரர் அவசரமாக.

மனைவி இரண்டையும் கையில் வாங்கி அமுக்கிப் பார்த்தாள். வரிகளுக்குள் நகத்தை விட்டு ஆழம் பார்த்தாள். "சரளைக்கல்லு ரோட்டுல எது தாங்கும்? வெயில்லயே நிறுத்தி வெச்சா ரப்பர் வெடிச்சுடாதா?"

"தொழிற்சாலை வரைக்கும் தார் ரோடுதானேம்மா..." என்று சிரிக்கப் பார்த்தார் சாவிக்காரர்.

"நீங்க கொஞ்சம் சும்மா இருங்க. பஞ்சரானா வண்டியைத் தள்ளிக்கிட்டு நடக்கப் போறது நீங்களா, இவரா?" என்று அதட்டிவிட்டுக் கடைக்காரரிடம் திரும்பினாள். "தாங்கவும் தாங்கணும், மிதிக்கவும் லேசா இருக்கணும். அப்படி ஒண்ணு இருக்கா?"

"மாப்பிள்ளை பாக்குற மாதிரி பாக்குறீங்களேக்கா!" கடைக்காரர் சிரித்துக்கொண்டே உள்ளே போய், மேல்தட்டிலிருந்து இன்னொன்றைத் தூசி தட்டி எடுத்து வந்தார். "நடுவுல வழவழப்பு, ஓரத்துல மட்டும் வரி. தூர ஓட்டத்துக்குன்னே வர்றது. அஞ்சு கிலோமீட்டருக்கு இதெல்லாம் ரொம்ப அதிகம்."

"இதையே மாட்டுங்க. ரெண்டு சக்கரத்துக்கும்."

சாவிக்காரர் அவளையே பார்த்தார். இல்லாத வேலைக்குப் போய்வர இவ்வளவு பார்த்துப் பார்த்து வாங்குகிறாளே! ஏழு மாதமாக இவளிடம் வாய் கூசாமல் பொய் சொல்லியிருக்கிறோம். போதும். டாக்டர் சொன்னதெல்லாம் இருக்கட்டும், கடையை விட்டு இறங்கியதும் சொல்லிவிட வேண்டியதுதான்.

டயர் மாட்டிக் காற்றடித்து முடிந்தது. வண்டியைத் தள்ளிக்கொண்டு அவர் நடக்க, அவளும் கூடவே மெதுவாக நடந்தாள். தெருமுனை திரும்பியதும் அவர் நின்றுவிட்டார்.

"உன்கிட்ட ஒரு விஷயம் சொல்லணும்..."

அவர் கண் நிறைந்துகொண்டு வந்தது.

கைப்பிடியில் இருந்த அவர் கையின் மேல் அவள் தன் கையை வைத்து அழுத்தினாள். அவர் முகத்தைப் பார்க்காமல், எங்கோ பார்த்தபடி சொன்னாள்:

"வேலை கிடைக்கிற வரைக்கும், மத்தியானம் சாப்பிட வீட்டுக்கு வந்துடுங்க."