கையெழுத்துடன் ஒரு புகார்

மால்டோவா நாட்டின் கிஷினாவ் நகரத்துச் சிறுமியர் விடுதி. பொறுப்பாளர் ரொதிகாவின் மேசையில் ஈஸ்டர் ரொட்டியை டொம்மென்று வைத்தாள் பக்கத்து வீட்டு அக்லாயா.

“பண்டிகை நாளும் அதுவுமா ஆசையா எடுத்துட்டு வந்தேன். கன்னத்தைக் காட்டி, ‘ஒரு முத்தம் குடுடி கண்ணு’ன்னேன். உங்க ஒலேசியா என் கண்ணைப் பாத்து ‘மாட்டேன்’னுட்டா! பிள்ளை வளக்கிற லட்சணமா இது?”

“‘மாட்டேன்’னா? அதே வார்த்தையா?”

“பின்னே, நான் பொய்யா சொல்றேன்? ரெண்டு தடவை சொன்னா. கதவையும் சாத்திட்டா!”

ரொதிகா அவசரமாகத் தாளையும் பேனாவையும் நீட்டினாள். “ஒரு வார்த்தை விடாம அப்படியே எழுதிக் குடுங்கம்மா. தேதி போட்டு, கையெழுத்தும் போட்டுடுங்க.”

‘இன்னைக்கு இருக்குடி உனக்குப் பூசை’ என்று முணுமுணுத்தபடி பக்கம் முழுக்க எழுதிக் கொடுத்துவிட்டுப் போனாள் அக்லாயா.

அவள் தலை மறைந்ததும் ரொதிகா மனநல ஆலோசகரை அழைத்தாள். “மரினேலா, ஓடி வா! இதைப் படி!”

படித்த மரினேலாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

கடத்தல் கும்பலிடமிருந்து மீட்கப்பட்டு ஒலேசியா இங்கே வந்து பதினொரு மாதம். பதிமூன்று வயதுப் பெண், யார் எதைச் சொன்னாலும் பயந்து தலையாட்டுவாள். அவள் கோப்பில் ‘முன்னேற்றம்’ என்ற பக்கம் இதுவரை காலியாகவே கிடந்தது.

ரொதிகா புகாரை அங்கே குத்தி வைத்தாள்.

“ரொட்டியை வெட்டிக் குடுத்து அவளைக் கொண்டாடலாமா?” என்றாள் மரினேலா.

“வேணுமான்னு முதல்ல அவளைக் கேளு.”

“வேணாம்னுட்டா?”

“அதையும் எழுதிக் கோப்புல சேத்துடு!”