ரத்தத்தில் எவ்வளவு ஈயம்?

“மறைக்காம சொல்லிருங்க டாக்டர். இந்த மனுசன் உடம்புல எவ்ளோ ஈயம் ஏறியிருக்கு?”

கைக்குட்டையை முறுக்கிக்கொண்டே கேட்டாள் அக்னஸ். பக்கத்து நாற்காலியில் அவள் கணவன் கிளாரன்ஸ், நோயாளிக்கு உண்டான முகத்தோடு உட்கார்ந்திருந்தான்.

கூலிம் ஊரில் நசுங்கிய காரைச் சரிசெய்கிற எல்லாரும் பள்ளத்தில் பட்டி பூசி, தேய்த்து, சாயம் அடித்து அனுப்பிவிடுவார்கள். கிளாரன்ஸ் ஒருவன்தான் பழைய முறைப்படி ஈயத்தை உருக்கி நிரப்புகிறவன் என்று பெயர். பழைய கார் வைத்திருக்கும் பெரிய மனிதர்கள் பாலிங்கிலிருந்தெல்லாம் அவனைத் தேடி வந்தார்கள். கூலி மட்டும் மூன்று மடங்கு.

ஈயம் உருக்கும் நாளில் பட்டறைக் கதவைச் சாத்திக்கொள்வான். புகை பொல்லாதது, யாரும் கிட்டே வரக்கூடாது என்பான். அவ்வளவு புகையும் இவன் மூக்கில்தானே போகிறது என்று அக்னஸுக்குக் கவலை.

கவலைக்குக் காரணம் இருந்தது. கல்யாண நாளை மறந்தான். “ஈயம் லா, மூளைக்கு ஏறிடுச்சு” என்றான். மாமியாரைச் சுங்கைப் பட்டாணி பஸ் நிலையத்தில் காக்கவைத்துவிட்டு, யான் கடற்கரைக்கு மீன் பிடிக்கப் போனான். அதற்கும் ஈயம்தான். மாமியார் மட்டும் அந்த நோயை நம்பவில்லை.

கோயிலில் காணிக்கைத் தட்டு வரும்போதெல்லாம் பர்ஸ் மறந்துபோக ஆரம்பித்ததும் அக்னஸ் பயந்துவிட்டாள். பரிசோதனைக்கு ரத்தம் கொடுக்கவும் மறந்துபோச்சு என்று இரண்டு தடவை தப்பித்தவனை, மூன்றாம் தடவை தானே இழுத்துவந்து கொடுக்கவைத்தாள். இன்று அதன் முடிவு.

டாக்டர் குணசுந்தரி கணினித் திரையை மேலும் கீழும் பார்த்தார்.

“எத்தன வருசமா ஈயம் உருக்கறீங்க, அண்ணே?”

“இருவது இருக்கும், டாக்டர்.”

“மாஸ்க் போடுவீங்களா?”

“அதெல்லாம் போட்டா வேலை ஓடாது.” கொஞ்சம் பெருமையாகவே சொன்னான்.

டாக்டர் அக்னஸ் பக்கம் திரும்பினார். “நல்ல சேதிதான் அக்கா. ரத்தம் சுத்தமா இருக்கு. எங்க நர்ஸைவிட இவருக்கு ஈயம் கம்மி.”

“மாதாவே” என்று அக்னஸ் சிலுவை போட்டுக்கொண்டாள். கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. புருஷனின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

கிளாரன்ஸ் கையை உருவிக்கொண்டு அவசரமாக எழுந்தான். “அப்ப நாங்க வரோம், டாக்டர்.”

“உக்காருங்க.”

டாக்டர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

“அப்போ எங்கப்பா மோரிஸ் காருக்கு நீங்க கதவ சாத்திக்கிட்டுப் போட்டது என்னாண்ணே?”