ரிப்கா கேட்ட தவணை

"இவட சாமான் ஒண்டு என்கிட்ட ஈக்குது ஹஸ்ரத். அத வெச்சிக்கிட்டு நான் எப்படிக் கையெழுத்து வைக்க?" என்றான் இப்ஹாம்.

காதி நீதிபதி சாஹுல் ஹமீது பேனாவைக் கீழே வைத்தார். எல்லாம் முடிகிற நேரத்தில் இப்படி ஒரு குண்டு!

"அத நான் இவருக்கே விட்டுட்டேன். இண்டைக்கு எப்படியாவது முடிச்சித் தாங்க," என்றாள் ரிப்கா. "இனி என்ட பாட்டுல வாழணும் ஹஸ்ரத். இன்னொரு தவணை எனக்கு ஏலாது."

அவர்கள் கேட்டு வந்தது முபாரத், அதாவது கணவனும் மனைவியும் மனமொத்துப் பிரிவது. யார் மீதும் குற்றம் இல்லை. ஆனால் ஒருவர் பொருள் மற்றவரிடம் தங்கக் கூடாது என்பது சாஹுல் ஹமீதின் பிடிவாதம். அலுமாரிச் சாவி முதல் குக்கர் மூடி வரை கொடுத்துத் தீர்த்த பிறகுதான் ஆளை விடுவார்.

இந்த ஜோடியை அவருக்கு நன்றாக நினைவிருந்தது. போன வருஷமும் இதே கதிரைகளில்தான் உட்கார்ந்தார்கள். அடிதடி இல்லை, ஏச்சுப்பேச்சு இல்லை. "ஒரே வீட்டுல ரெண்டு விருந்தாளி மாதிரி ஈக்கிறோம்," என்றாள் ரிப்கா அப்போது. கையெழுத்து வைக்கும் நாளில், வழக்கைத் தள்ளிவைக்கச் சொல்லித் தவணை கேட்டதும் அவள்தான். மனம் இளகிவிட்டது என்று சாஹுல் ஹமீதுக்கு அப்படி ஒரு சந்தோஷம். கடைசியில் பார்த்தால், மறுபடி வந்து நிற்கிறார்கள்.

வெளியே கண்டி மழை. சாரல் அடித்ததும் ரிப்கா எழுந்து இப்ஹாம் பக்கத்து ஜன்னலைச் சாத்தினாள். மூலையில் பதிவேடு எழுதிக்கொண்டிருந்த லிகிதர் இருமினார்.

"குறை நினைக்காதீங்க, கொஞ்சம் அங்கால போய் இருமுங்க," என்றாள் அவரிடம். இப்ஹாம் முகக்கவசத்தைச் சரிசெய்துகொண்டான்.

சாஹுல் ஹமீதுக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. எத்தனையோ ஜோடிகள் இந்த அறையில் ஒருவர் மீது ஒருவர் பாய்ந்திருக்கிறார்கள். இப்படி ஒரு ஜோடியை அவர் கண்டதில்லை.

"இவ்வளவு அக்கறை ஈக்குதே மகள். பிறகு என்னத்துக்குப் பிரியிறீங்க?"

"அக்கறை வேற, ஒண்டா வாழுறது வேற ஹஸ்ரத்."

சாஹுல் ஹமீது இப்ஹாம் பக்கம் திரும்பினார்.

"சரி தம்பி, அது என்ன சாமான்? நகையா?"

"இல்ல."

"காணி உறுதிப் பத்திரமா?"

"அதுவும் இல்ல."

"என்னவா ஈந்தாலும் பரவாயில்ல, வீட்டுக்குப் போய் எடுத்துட்டு வாங்க. பிலிமத்தலாவை என்ன லண்டனா?"

"வீட்டுல இல்ல ஹஸ்ரத். கையோடதான் கொண்டாந்திருக்கேன்."

"கொண்டாந்துட்டா இவ்வளவு கதை? வைங்க மேசையில. திருப்பிக் குடுத்தாத்தான் நான் முடிச்சித் தருவேன்."

"வேணாம், சொல்லாதீங்க," என்றாள் ரிப்கா அவசரமாக.

இப்ஹாம் எழுந்தான். சட்டையின் ஓரத்தை மெல்ல உயர்த்தினான். அடிவயிற்றின் வலப்பக்கம் வளைந்து இறங்கியது ஒரு நீளத் தழும்பு.

"இவட கிட்னி, ஹஸ்ரத்."

"சுப்ஹானல்லாஹ்," என்றார் சாஹுல் ஹமீது. லிகிதர் இருமலை மறந்து ரிப்காவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இத வெச்சிக்கிட்டு, ஒண்டும் பாக்கியில்ல எண்டு எப்படிச் சொல்ல?" என்று கேட்டான் இப்ஹாம்.

"பாக்கி எண்டு நெனச்சி நீங்க என்னைய வெச்சிக்க வேணாம்," என்றாள் அவள். "அல்லாஹ்வுக்காகக் குடுத்தது. கணக்கு அவன்கிட்ட ஈக்கட்டும்."

சாஹுல் ஹமீதுக்குக் கண் கலங்கியது. "மகள், இப்பத்தான் எனக்கு விளங்குது. போன வருஷம் தவணை கேட்டதும் இவரோட சேர்ந்து வாழ ஆசப்பட்டுத்தானே?"

"இல்ல ஹஸ்ரத்," என்று ரிப்கா தலையசைத்தாள். "அந்தக் கிழமைதான் இவருக்கு ரெண்டு கிட்னியும் போச்சுதெண்டு தெரிய வந்திச்சு. பிரிஞ்சிட்டா நான் அந்நிய ஆள். பொஞ்சாதி குடுத்தாத்தான் ஆஸ்பத்திரியில லேசா ஏத்துக்குவாங்க எண்டாங்க. அதுக்குத்தான் தவணை கேட்டேன்."

சாஹுல் ஹமீது எழுந்து நின்று, பேனாவை இப்ஹாமிடம் நீட்டினார்.